விண்வெளியில் ஒரு வருஷம் இருந்தால் உடம்புக்கும் மனசுக்கும் என்ன ஆகும்?

2022 டிசம்பர் நடுவில் ஒரு நாள். சர்வதேச விண்வெளி நிலையத்தில் இரண்டு ரஷ்ய வீரர்கள் வெளியே போய் வேலை பார்க்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, நிலையத்தோடு இணைந்து நின்ற சோயுஸ் எம்எஸ்-22 விண்கலத்தின் பின்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஏதோ பீய்ச்சி அடிப்பது கேமராவில் தெரிந்தது. கலத்தைக் குளிர்விக்கும் திரவம் அது. மணிக்கணக்கில் கொட்டித் தீர்ந்துபோனது.

அந்தக் கலத்தில்தான் ஃபிராங்க் ரூபியோ என்ற அமெரிக்கரும், செர்கே புரோகோபியேவ், திமித்ரி பெத்தெலின் என்ற இரண்டு ரஷ்யர்களும் செப்டம்பர் 21 அன்று மேலே போயிருந்தார்கள். அதிலேயே மார்ச் வாக்கில் திரும்புவதாக ஏற்பாடு. குளிர்விக்கும் திரவம் இல்லாத கலத்தில் மூன்று பேர் உட்கார்ந்து இறங்கினால் உள்ளே சூடு தாங்காது என்று முடிவானது. அதனால் வேறொரு சோயுஸை ஆளில்லாமல் மேலே அனுப்பிவிட்டு, பழுதான கலத்தை வெறுமனே கீழே இறக்கினார்கள். ஆனால் புதிதாகப் போன கலம் அடுத்த குழுவுக்காகச் செய்யப்பட்டது. அந்தக் குழுவுக்கு இன்னொன்று தயாராகி, அவர்கள் மேலே வந்து சேர்ந்த பிறகுதான் இவர்கள் கிளம்ப முடியும். ஆறு மாசம் என்று போனது ஒரு வருஷத்தைத் தாண்டியது. 2023 செப்டம்பர் 27 அன்று கஜகஸ்தானின் புல்வெளியில் இறங்கியபோது கணக்கு 371 நாள். ஒரே பயணத்தில் இத்தனை நாள் அதுவரை எந்த அமெரிக்கரும் இருந்ததில்லை.

ரூபியோ டாக்டர், ராணுவ ஹெலிகாப்டர் விமானி, நான்கு பிள்ளைகளுக்குத் தகப்பன். அதுதான் அவருக்கு முதல் விண்வெளிப் பயணம். இறங்குவதற்குச் சில நாள் முன்னால் மேலிருந்தே பேட்டி கொடுத்தார். ஒரு வருஷம் என்று முதலிலேயே கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன் என்றார். அதற்கு அவர் சொன்ன காரணம், அந்த ஒரு வருஷத்தில் குடும்பத்தில் நடந்த முக்கியமான விஷயங்கள்.

இந்தப் பதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. விண்வெளியில் நீண்ட நாள் இருப்பதைப் பற்றிப் பேசினாலே எலும்பு, கண், கதிர்வீச்சு என்று உடம்பிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. அதெல்லாம் முக்கியம்தான், சொல்கிறேன். ஆனால் உடம்பு பூமியை விட்டுவிட ரொம்ப நாள் எடுத்துக்கொள்வதில்லை, சில வாரம் போதும். மனசு அப்படி விடுவதில்லை. எத்தனை மாசம் போனாலும் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறது. திரும்பி வந்த பிறகு இதே கதை தலைகீழாகிவிடுகிறது. மனசு வந்து சேர்ந்துவிடும், உடம்புதான் வழியிலேயே தங்கிவிடும்.

சரி, முதலில் உடம்பு.

மேலே புவியீர்ப்பு இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். நிலையம் இருப்பது ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில்தான், அங்கே ஈர்ப்பு தரையில் இருப்பதில் சுமார் 90 சதவீதம் இருக்கிறது. நிலையமும் உள்ளே இருக்கும் ஆட்களும் மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருக்கிறார்கள், எல்லாமே சேர்ந்து விழுவதால் எதற்கும் எடை தெரிவதில்லை. லிஃப்ட் சட்டென்று இறங்கும்போது வயிற்றில் ஒரு நொடி வெறுமையாக இருக்குமே, அந்த நொடி மாசக்கணக்கில் முடியாமல் நீள்வதாக நினைத்துப் பாருங்கள்.

இங்கே நாம் நிற்கும்போது ரத்தமும் உடம்பிலுள்ள மற்ற நீரும் காலை நோக்கி இறங்கப் பார்க்கும், உடம்பு அதை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். மேலே போனதும் கீழே இழுக்க ஆளில்லை, தள்ளுகிற வேலை மட்டும் நடக்கிறது. லிட்டர் கணக்கில் நீர் காலிலிருந்து மார்புக்கும் தலைக்கும் ஏறிவிடுகிறது. முகம் உப்பிப்போகும், கால் ஒல்லியாகும், மூக்கு அடைத்துக்கொள்ளும். சளி பிடித்தவனுக்குச் சாப்பாடு மண்ணாகத் தெரிகிற மாதிரிதான் அங்கேயும், அதனால்தான் காரமான சாஸ் பாட்டிலுக்கு அவ்வளவு கிராக்கி. முதல் சில நாள் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் குமட்டலும் வாந்தியும் இருக்கும். எது மேல், எது கீழ் என்று காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்வதும் கண் சொல்வதும் ஒத்துப்போவதில்லை. முதுகெலும்பு நீண்டு ஆள் சில சென்டிமீட்டர் உயரமாகிவிடுவார், கூடவே முதுகுவலியும் வரும்.

பாதத்தில் நடப்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். நடக்கவே வேண்டியதில்லை என்பதால் உள்ளங்காலில் இருக்கும் தடித்த தோல் உரிந்து உரிந்து, கடைசியில் பச்சைக் குழந்தையின் பாதம் மாதிரி மெத்தென்று ஆகிவிடுகிறது. சாக்ஸைக் கழற்றும்போது கவனமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உரிந்த தோல் துகள்கள் காற்றில் பரவி அடுத்தவர் முகத்துக்கு நேராக மிதக்கும். அதே சமயம், ஒரு இடத்தில் நிலையாக நிற்கக் கால் விரல்களைத் தரையிலுள்ள கம்பிக்கு அடியில் நுழைத்துக்கொள்வதால், பாதத்தின் மேல்பக்கம் காய்ப்புக் காய்த்துச் சொரசொரப்பாகிறது. பாதத்தின் மேலும் கீழும் இடம் மாறிவிட்டது என்றே சொல்லலாம்.

எலும்பு விஷயம் இதைவிடப் பெரிது. உடம்பு, வேலை செய்யாத எதற்கும் சோறு போடாது. எடையைத் தாங்கும் வேலை இல்லாதபோது இடுப்பு, தொடை எலும்புகளின் அடர்த்தி மாசத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பூமியில் ஒரு வருஷத்தில் குறையும் அளவு அங்கே ஏறக்குறைய ஒரு மாசத்தில் போய்விடுகிறது. கரைந்த சுண்ணாம்புச் சத்து சிறுநீர் வழியாக வெளியேறும், அதனால் சிறுநீரகக் கல் பயமும் உண்டு. இதைத் தடுக்கத்தான் தினமும் இரண்டரை மணி நேரம் உடற்பயிற்சிக்கு ஒதுக்குகிறார்கள். தோளிலும் இடுப்பிலும் பட்டை மாட்டி, ரப்பர் கயிறு கீழே இழுக்க டிரெட்மில்லில் ஓடுவார்கள். இரும்புக் குண்டுக்கு அங்கே எடை கிடையாது, அதனால் வெற்றிட உருளைகள் எதிர்த்து இழுக்கும் ஒரு இயந்திரத்தில் பளு தூக்குவார்கள். வேர்வை வழியாது, முதுகிலும் நெற்றியிலும் குட்டையாகத் தேங்கி நிற்கும், துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். ஞாயிறு, பண்டிகை எதற்கும் இதில் பெரிதாக விலக்கு கிடையாது. இவ்வளவு செய்தும் எலும்பை முழுசாகக் காப்பாற்ற முடிவதில்லை, இழப்பைக் குறைக்கத்தான் முடிகிறது.

கண் பிரச்சினை தெளிவாகப் புரியவந்தது கடந்த இருபது வருஷத்துக்குள்தான். மாசக்கணக்கில் இருந்த பலருக்குப் பார்வை நரம்பு வீங்கி, விழியின் பின்பக்கம் லேசாகத் தட்டையாகி, கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிகிறது. அதனால் இப்போது போகும்போதே கூடுதல் பவர் கண்ணாடியும் கொண்டுபோகிறார்கள். இன்னொன்று 2020-ல் மருத்துவ இதழில் வெளியானது. ஒருவர் மேலே போய் இரண்டு மாசம் இருக்கும், ஆராய்ச்சிக்காகக் கழுத்தை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகி இருந்தது. அவருக்கு வலியோ வேறு எந்த அறிகுறியோ கிடையாது. கீழே இருக்கும் டாக்டர்கள் சொல்லச் சொல்ல, கையிருப்பில் இருந்த ஊசி மருந்தை அளந்து அளந்து போட்டுக்கொண்டு அடுத்த சரக்குக் கலம் வரும்வரை சமாளித்தார். அவர் பெயரை வெளியிடவில்லை. அந்த ஆராய்ச்சி நடக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே திக்கென்று இருக்கிறது.

தினசரி வாழ்க்கை என்று பார்த்தால், குளியல் கிடையாது, ஈரத் துண்டுதான். துணி துவைப்பது கிடையாது, அழுக்கானது குப்பையோடு சேர்ந்து சரக்குக் கலத்தில் ஏறி வளிமண்டலத்தில் எரிந்துபோகும். தூங்குவது ஒரு ஆள் நிற்கும் அளவு பெட்டியறையில், சுவரில் கட்டிய ஸ்லீப்பிங் பேக்குக்குள். தலையணைக்கு வேலை இல்லை, கை இரண்டும் தானாக முன்னால் எழுந்து மிதக்கும். 90 நிமிஷத்துக்கு ஒரு சுற்று என்பதால் ஒரு நாளைக்கு 16 முறை சூரியன் உதிக்கும், உடம்பின் கடிகாரம் குழம்பிப்போகும். முகத்துக்கு நேராகக் காற்று வீசிக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சு விடும் கரியமில வாயு அங்கே தானாக விலகிப் போகாது, மூக்கைச் சுற்றியே நிற்கும். அதனால் விசிறிகள் 24 மணி நேரமும் ஓடும், அந்த இரைச்சலுக்கு ஒரு நொடிகூட ஓய்வில்லை. ரூபியோவிடம் ஊருக்குப் போனதும் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, மனைவியையும் பிள்ளைகளையும் கட்டிப்பிடிப்பதை முதலில் சொன்னார், அடுத்து வீட்டுக் கொல்லைப்புறத்தில் மரங்களோடு அமைதியாக உட்காருவதைச் சொன்னார். அமைதி என்பதே ஏங்க வேண்டிய பொருளாகிவிட்ட ஒருவரின் ஆசை அது.

இதற்கெல்லாம் உடம்பு பழகிவிடுகிறது என்பதுதான் ஆச்சரியம். ஒரு மாசத்தில் குமட்டல் போய்விடும், ஒரு விரலால் சுவரைத் தொட்டுத் தள்ளி அறைக்கு அறை மிதந்து போக வந்துவிடும். மிதப்பது கையில் பிடித்த கரண்டியை விடுவது போல இயல்பாகிவிடும்.

மனசுக்கு இப்படி ஒரு பழகும் தேதி கிடையாது.

டேனியல் டானி என்ற அமெரிக்க வீரர் 2007 அக்டோபரில் மேலே போனார், டிசம்பரில் திரும்ப வேண்டியது. அவரை அழைத்துவர வேண்டிய ஷட்டில், எரிபொருள் தொட்டியின் சென்சார் கோளாறால் தள்ளிப்போனது. அந்த டிசம்பரிலேயே அவருடைய அம்மா, 90 வயது, இலினாயில் ரயில் மோதிய கார் விபத்தில் இறந்துபோனார். செய்தி மேலே போய்ச் சேர்ந்தது, மகன் கீழே வர வழி இல்லை. அவர் தரையிறங்கியது பிப்ரவரி 20. தூர தேசத்தில் வேலைக்குப் போய், பெற்றவர்களின் கடைசிக் காரியத்துக்கு வந்து சேர முடியாமல் போனவர்களுக்கு இந்த வலியை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களுக்காவது ஒரு டிக்கெட் கிடைத்தால் வந்துவிடலாம் என்ற நினைப்பு இருக்கும். இவருக்கு வெறும் 400 கிலோமீட்டர், அதுவும் நேர் கீழே, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

2011 ஜனவரி 8 அன்று ஸ்காட் கெல்லி நிலையத்தின் தளபதியாக மேலே இருந்தார். அவருடைய இரட்டைச் சகோதரர் மார்க்கின் மனைவி, நாடாளுமன்ற உறுப்பினர் கேபி கிஃபர்ட்ஸ், அன்று அரிசோனாவில் தலையில் சுடப்பட்டார். கெல்லிக்கு அடுத்த நாளும் வேலை இருந்தது, அதற்கடுத்த நாளும் இருந்தது. இரண்டு நாள் கழித்துத் தரையிலிருந்தவர்களோடு சேர்ந்து மௌனம் காக்க அவரே மேலிருந்து குரல் கொடுத்தார். இதெல்லாம் நடந்த பிறகும் அவர் 2015 மார்ச்சில் மறுபடி கிளம்பி 340 நாள் இருந்துவிட்டு வந்தார்.

அழுவதற்குக்கூட அங்கே உடம்பு ஒத்துழைக்காது. கண்ணீர் வரும், ஆனால் வழியாது. கனடாவின் கிறிஸ் ஹாட்ஃபீல்டு 2013-ல் கண்ணில் கொஞ்சம் தண்ணீரைப் பீய்ச்சிச் செய்து காட்டினார். தண்ணீர் கண் மேலேயே உருண்டையாகத் திரண்டு நிற்கிறது, அதிகமானால் மூக்கின் மேலே ஊர்ந்து அடுத்த கண்ணுக்குப் போகிறது. துண்டை எடுத்து ஒற்றினால் ஒழிய அது போகாது. அம்மா இறந்த செய்தி கேட்டு, தூங்கும் பெட்டியறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் அழுதால் எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், நாடே காணாமல் போனவர் ஒருவரும் உண்டு. செர்கே கிரிகால்யோவ் 1991 மே 18 அன்று சோவியத் ஒன்றியத்திலிருந்து மீர் நிலையத்துக்குக் கிளம்பினார். சில மாசத்தில் திரும்ப வேண்டியவர். அக்டோபரில் மேலே வந்த கஜக் வீரருக்கு நீண்ட நாள் தங்கும் பயிற்சி இல்லை, அதனால் இவரையே இருக்கச் சொன்னார்கள். இருந்தார். அவர் பிறந்த லெனின்கிராட் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆனது. டிசம்பரில் சோவியத் ஒன்றியமே கலைந்தது. 311 நாள் கழித்து, 1992 மார்ச் 25 அன்று அவர் இறங்கிய கஜகஸ்தான் தனி நாடாகியிருந்தது.

இத்தனையையும் தாங்க எது உதவுகிறது என்று பார்த்தால், எல்லாமே சின்ன விஷயங்கள். வீட்டுக்கு போன் பேசும் வசதி, வாரத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு வீடியோவில் பேசும் நேரம், மனநல நிபுணரோடு தனியாகப் பேச வாய்ப்பு. சரக்குக் கலம் வந்து கதவைத் திறந்ததும் ஆப்பிளும் ஆரஞ்சும் மணக்கும் அந்த நிமிஷம். 2010-ல் பொருத்திய ஏழு கண்ணாடி ஜன்னல் கொண்ட குவிமாடம், வேலை முடிந்ததும் பலர் போய் மிதந்துகொண்டு பூமியைப் பார்க்கும் இடம்.

கூட இருப்பவர்களும் உதவி, சில சமயம் அவர்களே பாரம். 1982-ல் சல்யூட் 7 நிலையத்தில் இரண்டே பேர், பெரெசவோயும் லெபெதேவும், 211 நாள் இருந்தார்கள். லெபெதேவ் எழுதிய நாட்குறிப்பில் அற்பமான எரிச்சல்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிவது தெரியும். அதற்கும் முன்னால், 1973 கடைசியில் ஸ்கைலேப் நிலையத்தில் இருந்த மூன்று அமெரிக்கர்களுக்குத் தரையிலிருந்து நிமிஷத்துக்கு நிமிஷம் வேலை கொடுத்துத் திணறடித்தார்கள். டிசம்பர் இறுதியில் இரண்டு பக்கமும் மனம்விட்டுப் பேசி, ஓய்வு நேரத்தை ஓய்வாக விட்ட பிறகுதான் வேலை ஒழுங்காக ஓடியது. தன் நாளைத் தானே கொஞ்சமாவது நடத்துகிறோம் என்ற உணர்வு மனிதனுக்கு எவ்வளவு தேவை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

செடி வளர்ப்பதும் இந்த வகைதான். கெல்லி இருந்த வருஷத்தில் வளர்த்த ஜின்னியா பூச்செடிகளில் பூஞ்சை பிடித்தது. தரையிலிருந்து வரும் அட்டவணைப்படி தண்ணீர் ஊற்றாமல், கண்ணால் பார்த்து எப்போது வேண்டுமோ அப்போது ஊற்றுகிறேன் என்று அவர் கேட்டு, அந்தப் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். 2016 ஜனவரியில் ஆரஞ்சு நிறத்தில் பூத்தது. அந்தப் பூவைக் குவிமாடத்துக்குக் கொண்டுபோய்ப் பூமியைப் பின்னால் வைத்துப் படம் எடுத்தார்.

ரூபியோ வளர்த்தது தக்காளி. பறித்த குட்டித் தக்காளியைச் சின்னப் பையில் போட்டு வெல்க்ரோவால் ஒட்டி வைத்தார், திரும்பி வந்து பார்த்தால் பை இல்லை. கூட இருந்தவர்கள் நீயே தின்றிருப்பாய் என்றார்கள். தன் ஓய்வு நேரத்தில் மணிக்கணக்காகத் தேடினார், கிடைக்கவில்லை. ஒரு தக்காளிக்கா இவ்வளவு என்று தோன்றலாம். வீட்டை விட்டு அத்தனை மாசம் இருந்த ஒருவர் தன் கையால் விளைவித்தது அது, எனக்கு அந்தத் தேடல் முழுசாகப் புரிகிறது.

செவ்வாய்ப் பயணம் என்று பேசுகிறவர்கள் இந்தப் பட்டியலைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அங்கே போக ஆறிலிருந்து ஒன்பது மாசம். ஒரு வார்த்தை போய்ச் சேரவே இருபது நிமிஷம்வரை ஆகும், அதனால் போன் பேச்சு என்பதே கிடையாது. ஆப்பிள் கொண்டுவரும் கலம் வராது. ஜன்னலில் பூமி ஒரு புள்ளி. மாஸ்கோவில் 2010 ஜூன் முதல் 2011 நவம்பர் வரை ஆறு பேரை 520 நாள் மூடிய கலத்துக்குள் வைத்து ஒத்திகை பார்த்தார்கள். எடையின்மை இல்லை, ஆபத்தும் இல்லை, ஆனாலும் நாளாக நாளாக அவர்களின் நடமாட்டம் குறைந்து படுக்கை நேரம் கூடியது. எலும்புக்கு இயந்திரம் செய்துவிடலாம். இதற்கு என்ன செய்வது?

திரும்பி வருவதைப் பற்றி ரஷ்ய வீரர் வலேரி பொலியாகோவின் கணக்கு ஒன்று இருக்கிறது. அவரும் டாக்டர், 1994 ஜனவரியிலிருந்து 1995 மார்ச் வரை மீரில் ஒரே மூச்சில் 437 நாள் இருந்தார், இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை. அவரைத் தொடர்ந்து சோதித்துப் பார்த்ததில், மனநிலையும் வேலைத்திறனும் தடுமாறியது மேலே போன முதல் மூன்று வாரமும், திரும்பி வந்த முதல் இரண்டு வாரமும்தான். நடுவில் இருந்த ஒரு வருஷம் நிலையாக இருந்தார். இறங்கியதும் தானே நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார், செவ்வாயில் இறங்கும் மனிதனால் நிற்க முடியும் என்று காட்டுவதற்காக. எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. எழுந்து நின்றால் ரத்தம் காலுக்கு இறங்கித் தலை சுற்றும். கெல்லிக்குக் கால் வீங்கியது, மாசக்கணக்கில் மிதந்த தோலில் துணி பட்ட இடமெல்லாம் தடித்துச் சிவந்தது. ஆறு மாசம் இருந்துவிட்டு வந்தவர்களில் பலருக்கு, ஒரு வருஷம் கழித்து ஸ்கேன் எடுத்தாலும் கெண்டைக்கால் எலும்பு பழைய நிலைக்குத் திரும்பியிருப்பதில்லை.

நம் நாட்டின் சுபான்ஷு சுக்லா 2025 ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுவரை நிலையத்தில் 18 நாள்தான் இருந்தார். அதற்கே, திரும்பி வந்து படுக்கையில் உட்கார்ந்து வேலை முடிந்ததும் லேப்டாப்பை மூடி, அது மிதக்கும் என்ற நினைப்பில் பக்கத்தில் காற்றில் விட்டுவிட்டார். கையில் வாங்கிய செல்போன் கனமாகத் தெரிந்ததாம். 18 நாளுக்கே இப்படியென்றால் 371 நாளுக்கு?

இயல்பாக உணர இரண்டிலிருந்து ஆறு மாசம் ஆகும் என்று ரூபியோ இறங்கும் முன்பே சொல்லியிருந்தார். கஜகஸ்தானில் கலத்திலிருந்து அவரைத் தூக்கித்தான் வெளியே எடுத்து உட்கார வைத்தார்கள். அப்புறம் ஹூஸ்டன், வீடு, மனைவி, பிள்ளைகள். டிசம்பர் முதல் வாரத்தில் மேலே இருந்தவர்கள் நேரலையில் ஒரு செய்தி சொன்னார்கள்: தொலைந்த தக்காளி கிடைத்துவிட்டது, ரூபியோ தின்னவில்லை. பைக்குள் காய்ந்து சுருங்கி, நிறம் மாறி இருந்தது. அவர் தரையிறங்கி அப்போது இரண்டு மாசத்துக்கு மேல் ஆகியிருந்தது.